கிராப் ஆப்பிள்: பெயர் சொல்லுமுன் பார்க்க வேண்டியவை

பழத்தின் விட்டம் ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் கிராப் ஆப்பிள், அதைத் தாண்டினால் ஆப்பிள். தோட்டக்கலைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு இவ்வளவுதான். நாற்றங்காலில் விலைச்சீட்டு எழுத இது போதும். காட்டில் நிற்கும் ஒரு மரம் எந்தச் சிற்றினம் என்று சொல்ல இந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. கிராப் ஆப்பிள் என்பது தாவரவியல் பிரிவே அல்ல. மாலஸ் என்ற பேரினத்தில் பழம் சிறுத்திருக்கும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு வைத்த பெயர் அது. கூடைக்குள் இருப்பவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

தமிழில் பெயர்க் குழப்பம் இன்னொரு வகையில் வருகிறது. ‘நண்டு ஆப்பிள்’ என்று மொழிபெயர்த்தால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘காட்டு ஆப்பிள்’ என்றால், ஆங்கிலப் பெயரை வைத்து விளாம்பழத்தை நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. விளா எலுமிச்சைக் குடும்பம், இது ரோஜாக் குடும்பம். அதனால் இங்கே கிராப் ஆப்பிள் என்றே எழுதுகிறோம். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் மாலஸ் எதுவும் இல்லை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் இருப்பவை நட்டு வளர்த்தவை. இந்தியாவில் இவற்றைக் காட்டில் பார்க்க இமயமலைக்குத்தான் போக வேண்டும். அதையும் தாண்டினால் சைபீரியா, சீனா, ஜப்பான், மத்திய ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா என்று வடக்கு அரைக்கோளத்தின் குளிர்ப் பகுதி முழுக்கப் பரவியிருக்கின்றன.

எத்தனை சிற்றினங்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். குறைவாகச் சொல்பவர்கள் 25-க்கு அருகே நிற்கிறார்கள். சீனத் தாவரத் தொகுப்பு 55 என்கிறது, அதில் 25 சீனாவில் காணப்படுபவை. இவ்வளவு வித்தியாசம் கவனக்குறைவால் வந்ததில்லை. இந்த மரங்கள் ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கின்றன. சில மரங்கள் கலக்காமலேயே விதை உண்டாக்குகின்றன. இரண்டுமே சிற்றினத்தின் எல்லையைக் குழப்புகிற பழக்கங்கள்.

முதலில் இது மாலஸ்தானா?

1753-இல் லின்னேயஸ் ஆப்பிளைப் பேரிக்காயோடு சேர்த்து பைரஸ் என்ற பேரினத்தில் வைத்தார். மறு ஆண்டே ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர் பிலிப் மில்லர் ஆப்பிளைப் பிரித்து மாலஸ் என்று தனியாக நிறுத்தினார். இன்று எல்லோரும் பின்பற்றுவது மில்லரைத்தான். ஆனாலும் பழைய ஹெர்பேரியத் தாள்களில் (செடிகளை உலர்த்தி ஒட்டிவைத்த தாள்கள்) பைரஸ் பக்காட்டா, பைரஸ் மாலஸ் என்ற பெயர்கள் நிறைய இருக்கின்றன. இந்தியத் தாள்களில் தேடும்போது இரண்டு பேரினப் பெயரிலும் தேடாவிட்டால் பாதிதான் கிடைக்கும்.

இரண்டையும் பிரிக்கப் பூவே போதும். பேரியில் சூல்தண்டுகள், அதாவது பூவின் நடுவே சூலகத்தின் மேல் நிற்கும் மெல்லிய தண்டுகள், அடி வரை தனித்தனியாக நிற்கும். மாலஸில் அவை அடிப்பகுதியில் ஒன்றாக ஒட்டி, மேலே போய்ப் பிரியும். இதழ்களைக் கிள்ளிவிட்டு 10 மடங்கு கைலென்ஸில் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். வேதியியலும் இதையே சொல்கிறது. மாலஸின் பட்டையிலும் இலையிலும் ஃபுளோரிட்சின் என்ற பொருள் நிறைய இருக்கும். பேரியில் அந்த இடத்தில் ஆர்புட்டின். 1835-இல் ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து பிரித்தெடுத்த இந்த ஃபுளோரிட்சின், சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சுவதைத் தடுக்கும் என்பது பின்னர் தெரியவந்தது. இன்று நம் வீடுகளில் சர்க்கரை நோய்க்குச் சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசின் அந்த மூலக்கூறின் வழியில் வடிவமைக்கப்பட்டதுதான். பட்டையை மென்றால் பலன் வருமா என்று கேட்க வேண்டாம். குடலுக்குள் போனதுமே பெரும்பகுதி சிதைந்துவிடும். அதனால்தான் மாற்றி வடிவமைக்க வேண்டியிருந்தது.

வடகிழக்கு இந்தியாவில் இன்னொரு தடுமாற்றம் உண்டு. அங்கே விளையும் டோசினியா இண்டிகாவின் காய் பார்வைக்குச் சிறு ஆப்பிள்தான். குறுக்கே வெட்டி ஓர் அறைக்குள் எத்தனை சூல் அல்லது விதை என்று எண்ணினால் சந்தேகம் தீரும். மாலஸில் அறைக்கு இரண்டு சூல், டோசினியாவில் மூன்று முதல் பத்து வரை.

எதைப் பார்ப்பது, எதை விடுவது

பழத்தின் நிறம், பழத்தின் பருமன், இதழின் நிறம் ஆகிய மூன்றும்தான் கண்ணில் முதலில் படும். வகைப்பாட்டில் கடைசியாகப் பார்க்க வேண்டியவையும் இவையே. மொட்டில் அடர் இளஞ்சிவப்பாக இருந்த பூ விரிந்த மூன்றாம் நாளில் வெள்ளையாகி நிற்கும். ஒரே சிற்றினத்தில் மஞ்சள் பழ மரமும் சிவப்புப் பழ மரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

நம்பத்தக்க அடையாளங்களில் முதலாவது புல்லிவட்டம். பழத்தைத் தலைகீழாகப் பிடித்து, காம்புக்கு எதிர்முனையைப் பாருங்கள். கடையில் வாங்கும் ஆப்பிளில் அங்கே உலர்ந்த ஐந்து சிறு இதழ்கள் குழிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். பூவின் புல்லிவட்டம் அப்படியே தங்கிவிட்டது. சைபீரியக் கிராப் எனப்படும் மாலஸ் பக்காட்டாவில் அந்த இடம் மழமழவென்று இருக்கும். புல்லிவட்டம் முழுதாக உதிர்ந்து, வட்டமான தழும்பு மட்டும் மிஞ்சும். 1890-இல் கோனே என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே பேரினத்தை இரண்டாகப் பிரித்தார். அந்தப் பிரிவினை நிற்கவில்லை, ஏனென்றால் புல்லிவட்டம் உதிர்வது ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களில் காணப்படுகிறது. அடையாளமாக அதன் மதிப்பு மட்டும் குறையவே இல்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. காய் பிஞ்சாக இருக்கும்போது புல்லிவட்டம் இன்னும் உதிர்ந்திருக்காது. ஜூன் மாதத்தில் பார்த்துவிட்டுத் ‘தங்கும் வகை’ என்று எழுதினால் தப்பு. பழுத்த பிறகு பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தாலும் போதாது, இருபது பழமாவது பார்க்க வேண்டும். ஒரே மரத்தில் சிலவற்றில் தங்கியும் சிலவற்றில் உதிர்ந்தும் இருந்தால், அது பெரும்பாலும் கலப்பினம். பக்காட்டாவும் புரூனிஃபோலியாவும் கலந்த மாலஸ் ரொபஸ்டாவில் இது வழக்கமான காட்சி.

இரண்டாவது அடையாளத்தைப் பலர் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் அது வருடத்தில் பத்து நாள்தான் கிடைக்கும். மொட்டுக்குள் இலை எப்படி அடங்கியிருக்கிறது என்பதே அது. சில மாலஸ்களில் இளம் இலை பாயைச் சுருட்டியது போல ஓரத்திலிருந்து சுருண்டிருக்கும். மற்றவற்றில் நடுநரம்போடு மடித்த வெற்றிலை போல இரண்டாக மடங்கியிருக்கும். சுருண்டவற்றில் இலை விரிந்த பிறகு பிளவே இருக்காது. மடங்கியவற்றில், குறைந்தது நீண்டு வளரும் கிளைகளிலாவது, மடல்போன்ற பிளவுகள் தெரியும். மொட்டு உடையும் நேரத்தில் ஒரு பிளேடால் குறுக்கே வெட்டினால் இந்த அமைப்பு சுருள் வட்டமாகவோ V போன்ற மடிப்பாகவோ தெளிவாகத் தெரியும்.

இலைப் பிளவிலும் ஒரு பொறி இருக்கிறது. பூவும் காயும் வருவது குறுங்கிளைகளில். ஆட்கள் பறித்துவருவதும் அவற்றைத்தான். ஜப்பானிய மாலஸ் டோரிங்கோவில் குறுங்கிளை இலை பிளவில்லாமல் சாதாரணமாக இருக்கும். அதே மரத்தின் நீள்கிளையில் மூன்று அல்லது ஐந்து மடலோடு இருக்கும். பூங்கொத்தை மட்டும் பறித்துவந்தவர் அடையாளச் சாவியில் (கேள்விக்குக் கேள்வி பதில் சொல்லிச் சிற்றினப் பெயரை எட்டும் அட்டவணையில்) முதல் படியிலேயே தப்பான பக்கம் திரும்பிவிடுவார்.

மூன்றாவது, சதையில் இருக்கும் கல் செல்கள். நாட்டுப் பேரிக்காயைக் கடிக்கும்போது பல்லில் மணல்போல நறநறவென்று படுமே, அதுதான். வழக்கமான ஆப்பிளில் இவை இருக்காது. மாலஸில் சில குழுக்களில் இருக்கும், சிலவற்றில் இல்லை. கத்தியால் மெல்லியதாகச் சீவி விரலால் தேய்த்தாலே தெரியும். ஆய்வகத்தில் ஃபுளோரோகுளுசினால் கரைசலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இட்டால் லிக்னின் உள்ள இந்தச் செல்கள் செக்கச்சிவந்து நிற்கும்.

இவற்றோடு சூல்தண்டுகளின் எண்ணிக்கை (மூன்றா, நான்கா, ஐந்தா), அவற்றின் அடியில் மயிர் உண்டா, பூக்காம்பு வழவழப்பா மயிரா, மகரந்தப்பை மஞ்சளா சிவப்பா என்பவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். மகரந்தப்பையின் நிறத்தை அது வெடிப்பதற்கு முன் பார்க்க வேண்டும். வெடித்த பிறகு எல்லாமே மகரந்தத்தின் மஞ்சள்தான்.

குழுக்கள்

அமெரிக்காவின் ஆர்னால்டு மரப்பூங்காவில் பணியாற்றிய ஆல்ஃபிரட் ரேடர் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமைத்த பிரிவுகளே இன்றும் அடிப்படை. மேலே சொன்ன அடையாளங்கள் அவற்றில் எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பார்ப்போம்.

இலை சுருண்டு, பிளவில்லாமல் இருக்கும் பக்கத்தில் இரண்டு கூட்டம். பெரிய காய், தங்கும் புல்லிவட்டம் என்றால் வீட்டு ஆப்பிளின் சொந்தங்கள்: ஐரோப்பாவின் மாலஸ் சில்வெஸ்ட்ரிஸ், காகசஸின் மாலஸ் ஓரியண்டாலிஸ், மத்திய ஆசியாவின் மாலஸ் சீவெர்சி. சீவெர்சியின் பழம் சில மரங்களில் ஏழு சென்டிமீட்டரைத் தாண்டும். காட்டு மரம்தான், ஆனால் ஐந்து சென்டிமீட்டர் விதிப்படி கிராப் இல்லை. விதியின் அபத்தம் இங்கே நன்றாகத் தெரிகிறது. வீட்டு ஆப்பிளின் முதன்மை மூதாதை இதுதான். தியான்ஷான் மலைச் சரிவுகளில் இருக்கிறது. 1929-இல் ரஷ்யத் தாவரவியலாளர் நிகோலாய் வவிலோவ் கசக்ஸ்தானின் அல்மாட்டிக்குப் போய் அந்தக் காடுகளைப் பார்த்த பிறகே இந்தக் கருத்து வலுப்பெற்றது.

சுண்டைக்காய் அளவுக் காய், உதிரும் புல்லிவட்டம், நீளமான மெல்லிய காம்பு என்றால் பக்காட்டாக் கூட்டம். பக்காட்டாவின் பழம் ஒரு சென்டிமீட்டர்தான், காம்பு மூன்று நான்கு சென்டிமீட்டர். பூ தூய வெள்ளை. இந்தக் கூட்டத்தில்தான் இமயமலையின் மரங்களும் வருகின்றன. காஷ்மீரிலிருந்து பூட்டான் வரை பக்காட்டாவின் இமயமலை வடிவம் பரவியிருக்கிறது. சிக்கிம், டார்ஜிலிங் பக்கம் மாலஸ் சிக்கிமென்சிஸ் சேர்கிறது. இதன் பழம் உருண்டையாக இல்லாமல் சற்றே பேரிக்காய் வடிவத்தில், அடர் சிவப்பாக இருக்கும். இரண்டையும் காயில் பிரித்துவிடலாம், காய் இல்லாத காலத்தில் கொஞ்சம் சிரமம். சீனாவின் மாலஸ் ஹூபெஹென்சிஸும் இதே கூட்டம். அதன் சூல்தண்டுகள் பெரும்பாலும் மூன்று. ஹூபே பகுதியில் அதன் இலையைத் தேயிலை போலக் கொதிக்கவைத்துக் குடிப்பதால் தேநீர்க் கிராப் என்றொரு பெயரும் உண்டு.

காயின் அளவுக்கும் புல்லிவட்டத்துக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பழத்தைப் பறவை முழுதாக விழுங்கிவிடும். ஏழு சென்டிமீட்டர் பழத்தைக் கரடியோ குதிரையோ தின்றால்தான் விதை தூரம் போகும். தியான்ஷானில் பழம் பெருத்ததில் பாலூட்டிகளுக்குப் பங்கு உண்டு என்பது நெடுநாள் கருத்து.

இலை மடங்கியிருக்கும் பக்கம் இன்னும் பலவிதம். கிழக்காசியாவின் டோரிங்கோ, கான்சுயென்சிஸ், யுன்னானென்சிஸ் போன்றவை ஒரு பிரிவு. டோரிங்கோவில் புல்லிவட்டம் உதிரும், யுன்னானென்சிஸில் தங்கும். 1892-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் சார்ல்ஸ் ஸ்பிரேக் சார்ஜென்ட் ஜப்பானின் ஹொக்கைடோவில் முரோரான் அருகே உவர் சதுப்பு நிலத்தில் கண்ட குட்டை வடிவம் மாலஸ் சார்ஜென்டி. இரண்டு மீட்டர் உயரம், அதைவிட அதிக அகலம். தனிச் சிற்றினமாக வைப்பவர்களும் உண்டு, டோரிங்கோவின் துணைச் சிற்றினம் என்பவர்களும் உண்டு. எங்கள் பார்வையில் இரண்டாவது கட்சிக்கு வாதம் பலம்: குட்டையாக இருப்பதைத் தவிர பிரித்துச் சொல்ல அதில் அதிகம் இல்லை.

வட அமெரிக்காவில் நான்கு சிற்றினங்கள். மூன்று கிழக்கிலும் நடுப்பகுதியிலும் இருக்கின்றன: கொரோனேரியா, ஐயோயென்சிஸ், அங்குஸ்டிஃபோலியா. இவை ஒரு தனிக் குடும்பம் போல. காய் பழுத்தும் பச்சையாகவே நிற்கும், தொட்டால் மெழுகு பூசியது போல வழுக்கும், நல்ல மணம் வீசும், தின்றால் வாய் கோணும். மகரந்தப்பை செம்மை சாய்ந்த இளஞ்சிவப்பு. இலையின் அடிப்புறம் கடைசி வரை கம்பளிபோல் மயிரடர்ந்திருந்தால் ஐயோயென்சிஸ், வழவழவென்றால் கொரோனேரியா, இலை குறுகி நீண்டிருந்தால் அங்குஸ்டிஃபோலியா. நான்காவது மேற்குக் கரைக்காரர். அலாஸ்காவிலிருந்து கலிஃபோர்னியா வரை கடலோரம் வளரும் மாலஸ் ஃபுஸ்கா. காய் நீளுருண்டை, ஒன்றரை சென்டிமீட்டருக்குள். வரைபடத்தில் மற்ற மூன்றுக்கும் அண்டை வீடு, உறவிலோ பசிஃபிக்கைத் தாண்டிய கிழக்காசியச் சிற்றினங்களுக்குத்தான் நெருக்கம். அந்தக் கரையின் பூர்வகுடிகள் இதன் காயைப் பெட்டிகளில் தண்ணீரிலும் மீன் எண்ணெயிலும் போட்டு, குளிர்காலத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

மீதி இருப்பவை தனியாள்கள். லெபனான், துருக்கி, கிரேக்கப் பகுதிகளில் இருக்கும் மாலஸ் டிரைலோபாட்டாவின் இலை மேப்பிள் இலைபோல மூன்றாக ஆழப் பிளந்திருக்கும். இதற்கு எரியோலோபஸ் என்று தனிப் பேரினமே கொடுத்தவர்கள் உண்டு. இத்தாலியிலும் பால்கனிலும் உள்ள மாலஸ் ஃபுளோரென்டினாவை வேறொரு பேரினமான சோர்பஸுடன் ஏற்பட்ட கலப்பு என்றே ஒருகாலத்தில் நம்பினார்கள். ஜப்பானின் மாலஸ் ட்சோனோஸ்கி, ரஷ்யத் தாவரவியலாளர் மாக்சிமோவிச்சுக்காக மலை மலையாக அலைந்து செடி சேர்த்த சுகாவா சோனோசுகேயின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆளின் பெயர் ரஷ்ய உச்சரிப்பு வழியாக லத்தீனுக்குப் போனதால் எழுத்து இப்படி ஆனது.

கலப்பு: சாவி தோற்கும் இடம்

ஐரோப்பாவின் காட்டு ஆப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். சில்வெஸ்ட்ரிஸ் என்று சொல்ல வேண்டுமானால் முதிர்ந்த இலையின் அடிப்புறமும் பூக்காம்பும் புல்லிவட்டத்தின் வெளிப்புறமும் மயிரற்றிருக்க வேண்டும். காய் இரண்டு, மூன்று சென்டிமீட்டரில், பெரிய நெல்லிக்காய் அளவில், மஞ்சள் கலந்த பச்சையாக இருக்க வேண்டும். கிளையில் முள் இருக்கும். ஆனால் காட்டோரத்தில் நிற்கும் ‘காட்டு’ ஆப்பிளில் கணிசமானவை யாரோ தின்று வீசிய ஆப்பிளின் விதையில் முளைத்தவை, அல்லது அவற்றோடு கலந்தவை. விதையில் முளைத்த வீட்டு ஆப்பிளும் சிறுத்து, புளித்து, முள் வைத்து நிற்கக்கூடும். முள் இளமைப் பருவத்தின் அடையாளம், காட்டுத்தன்மைக்குச் சான்று இல்லை.

அதனால் களத்தில் இலை மயிரே பெரிதும் கைகொடுக்கிறது, அதற்கும் காலம் பார்க்க வேண்டும். சில்வெஸ்ட்ரிஸின் இளம் இலையிலும் மயிர் இருக்கும், பிறகு உதிரும். மே மாதத்தில் பார்த்தால் நல்ல மரத்தையும் கலப்பு என்று ஒதுக்கிவிடுவீர்கள். ஆகஸ்ட், செப்டம்பரில், குறுங்கிளையின் நடுப்பகுதியில் உள்ள இலையைத் திருப்பி, நடுநரம்பு ஓரத்தை லென்ஸில் பார்க்க வேண்டும். அப்போதும் பஞ்சுபோல் மயிர் இருந்தால் வீட்டு ஆப்பிளின் ரத்தம் கலந்திருக்கிறது.

கலப்பு இரு திசையிலும் நடந்திருக்கிறது. 2012-இல் வெளியான மரபணு ஆய்வு, வீட்டு ஆப்பிள் மத்திய ஆசியாவில் சீவெர்சியிலிருந்து தொடங்கினாலும் மேற்கே வரும் வழியில் சில்வெஸ்ட்ரிஸிடமிருந்து பெரும்பங்கு மரபணுக்களை வாங்கிக்கொண்டது என்று காட்டியது. ஆகவே இன்று ஐரோப்பியக் காட்டில் ஒரு மரத்தில் பொதுவான மரபணு தெரிந்தால், அது நேற்று வந்ததா, ஆயிரம் ஆண்டுக்கு முன் போனதா என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. தாய்வழியே மட்டும் போகும் குளோரோபிளாஸ்ட் டி.என்.ஏ.வை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது, அணுக்கரு அடையாளங்களும் வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே கதை. ஐயோயென்சிஸ் வீட்டு ஆப்பிளோடு கலந்ததற்கு மாலஸ் சௌலார்டி என்றும், கொரோனேரியா கலந்ததற்கு பிளாட்டிகார்ப்பா என்றும், ஃபுஸ்கா கலந்ததற்கு டாசோனியானா என்றும் தனிப் பெயர்களே இருக்கின்றன.

கலக்காத மரங்கள் தரும் தொல்லை

மாலஸின் அடிப்படைக் குரோமோசோம் எண் 17. பெரும்பாலானவை இருமயம், அதாவது அந்த எண்ணின் இரு மடங்கு, 34. சாதாரண மாலஸ் தன் மகரந்தத்தை ஏற்காது; விதை உண்டாக அயல் மரம் வேண்டும். ஆனால் ஹூபெஹென்சிஸும் சிக்கிமென்சிஸும் பெரும்பாலும் மும்மயம், 51. சார்ஜென்டி நான்மயம், 68. இவற்றின் விதை பெரும்பாலும் பால்கலப்பு இல்லாமல் தாயின் திசுவிலிருந்தே உண்டாகிறது. ஒரு மலைச்சரிவு முழுக்க ஒரே மரத்தின் நகல்கள் நிற்கும். அடுத்த சரிவில் சற்றே வேறுபட்ட இன்னொரு நகல் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்தையும் தனிச் சிற்றினம் என்று பெயர் வைக்கத் தோன்றும், வைத்தும் இருக்கிறார்கள். சீனாவின் நீண்ட பட்டியலுக்கு இதுவும் ஒரு காரணம்.

நாற்றங்காலில் இதை எளிதாகச் சோதிக்கலாம். ஒரு மரத்தின் 50 விதைகளை எடுத்து, கழுவி, ஈரமணலோடு பையில் போட்டு, 1 முதல் 5 டிகிரி செல்சியஸில் 60 முதல் 90 நாள் வைத்தால் விதை உறக்கம் கலையும். பிறகு விதைத்து, நாற்று நான்கு, ஐந்து இலை விட்டதும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். எல்லா நாற்றும் அச்சில் வார்த்தது போல் இருந்தால் தாய் மரம் பால்கலப்பற்ற விதை தருவது. இலை வடிவமும் உயரமும் நிறமும் கலைந்து இருந்தால் சாதாரண இருமயம். மணலில் ஈரம் அதிகமானால் விதை அழுகும். பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரமே சரி.

தாவரவியல் பூங்காக்களின் பெயர்ப்பலகையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. பத்து மாலஸ் சிற்றினம் அருகருகே நிற்கும் பூங்காவில் பக்காட்டாவின் விதையை எடுத்து இன்னொரு பூங்காவுக்கு அனுப்பினால், முளைப்பது பக்காட்டாவாக இருக்காது. தாய் பக்காட்டா, தந்தை யாரென்று தேனீக்குத்தான் தெரியும். ஆனால் பலகை பக்காட்டா என்றே சொல்லும். காட்டில் சேகரித்த விதையா, தோட்டத்தில் எடுத்த விதையா என்ற ஒரு வரி பதிவேட்டில் இல்லையென்றால் அந்த மரத்தை எந்த ஆய்வுக்கும் ஆதாரமாக வைக்க முடியாது.

சேகரிக்கும் முறை

ஒரே தடவை போய் மாலஸுக்குப் பெயர் சொல்ல முயல்வது வீண். மரத்தில் அலுமினியத் தகட்டில் எண் அடித்துக் கட்டி, ஜி.பி.எஸ். குறித்து, அதே மரத்துக்கு ஆண்டில் மூன்று முறை போக வேண்டும். மொட்டு உடைந்து பூ வரும் ஏப்ரல், மே ஒன்று. நீள்கிளை இலை முதிர்ந்த ஆகஸ்ட் ஒன்று. காய் பழுக்கும் செப்டம்பர், அக்டோபர் ஒன்று. மூன்றும் ஒரே எண்ணில் பதிவாக வேண்டும். பூவை ஒரு மரத்திலும் காயைப் பக்கத்து மரத்திலும் எடுத்து ஒரே தாளில் ஒட்டியதால் பிறந்த தலைவலிகள் ஹெர்பேரியங்களில் குறைவில்லை.

தகடு கட்டும் கம்பி இறுக்கமாக இருந்தால் மூன்று வருடத்தில் பட்டைக்குள் புதைந்து கிளை காய்ந்துவிடும். தளர்வான வளையமாக விட வேண்டும். கிளை வெட்டும்போது குறுங்கிளையோடு நீள்கிளையும் சேர்ந்து வர வேண்டும். வேரடியிலிருந்து கிளம்பும் முளையைத் தொடாதீர்கள். தோட்டத்து மரம் ஒட்டுக் கட்டியதாக இருந்தால் அந்த முளை வேர்ச்செடியினுடையது. மேலே ஒரு சிற்றினம், கீழே வேறொன்று. பூவில் மகரந்தப்பை நிறம், சூல்தண்டு எண்ணிக்கை இரண்டையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். தாளில் உலர்ந்த பிறகு நிறம் போய்விடும், சூல்தண்டு ஒட்டிக்கொண்டு எண்ண வராது. ஒரு பூவையோ இரண்டு பூவையோ வைத்து எண்ணாமல், பத்துப் பூவில் எண்ணி எழுதுவது நல்லது.

காயை முழுதாக அழுத்தினால் சப்பையாகி, பூஞ்சை பிடித்து, தாளையும் கெடுக்கும். சிலவற்றை நெடுக்கிலும் சிலவற்றைக் குறுக்கிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் சீவித் தனியாக உலர்த்த வேண்டும். இரண்டு முழுக் காயை ஆல்கஹாலில் போட்டு வைக்கலாம். டி.என்.ஏ.வுக்கு நோயில்லாத இளம் இலையைச் சிறிதாகக் கிழித்து, இலையின் எடைக்குப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் போட வேண்டும். ஒரு நாளுக்குள் நொறுங்கும்படி காயாவிட்டால் ஜெல் போதவில்லை என்று பொருள், மாற்றிவிடுங்கள். முதிர்ந்த இலையில் பிசுபிசுப்பான சர்க்கரைப் பொருள்களும் ஃபீனால்களும் அதிகம், பிரித்தெடுக்கும் டி.என்.ஏ. பழுப்பாகி வேலை கெடும்.

இலையோ பூவோ காயோ ஊதாச் சிவப்பாக இருந்தால் அதைத் தனிச் சிற்றினத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தியான்ஷானில் மாலஸ் நீட்ஸ்வெட்ஸ்கியானா என்று பெயர் பெற்ற செஞ்சதை ஆப்பிள்கள் சீவெர்சிக் கூட்டத்துக்குள்ளேயே வருபவை என்பது பலர் கருத்து. மைப் 10 என்ற மரபணுவின் முன்பகுதியில் 23 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு ஒன்றுக்குப் பதில் ஆறு முறை அடுத்தடுத்து வருவதுதான் சதை வரைக்கும் சிவக்கக் காரணம். பூங்காக்களில் காணும் செம்பூக் கிராப்கள் பலவற்றுக்கு அந்தச் செந்நிறம் இந்த மூலத்திலிருந்து வந்தது.

பெயர் எழுதும்போது

உறுதியில்லையென்றால் மாலஸ் என்று மட்டும் எழுதி, எந்தக் கூட்டத்துக்கு அருகில் என்று குறிப்பது நேர்மை. கலப்பு என்று தெரிந்தால் பெருக்கல் குறி போட வேண்டும். டோரிங்கோவும் சீபோல்டியும் ஒரே மரம். டோரிங்கோ பழைய பெயர் என்பதால் முன்னுரிமை அதற்கு. இரண்டையும் வெவ்வேறு சிற்றினமாகப் பட்டியலிடும் விற்பனைக் குறிப்புகள் இன்னும் வருகின்றன.

பெயரில் இவ்வளவு கறாராக இருப்பது பழத்தோட்டத்துக்கும் தேவை. இமாசலத்தில் ராயல் டெலீஷியஸ் ஆப்பிள் வரிசைகளுக்கு நடுவே மஞ்சூரியன் கிராப் நடுவது மகரந்தத்துக்காக. அது பக்காட்டாவின் ஒரு வகை, இருமயம், நல்ல மகரந்தம் தரும். அந்த இடத்தில் பெயர் மாறி மும்மய ஹூபெஹென்சிஸ் நட்டால் பூ நிறையப் பூக்கும், மகரந்தம் உதவாது. தவறு தெரியவர மூன்று நான்கு வருடம் ஆகும்.

நோய் எதிர்ப்பும் அப்படித்தான். 1914 வாக்கில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிராண்டல் என்பவர் ரோம் பியூட்டி ஆப்பிளை மாலஸ் ஃபுளோரிபண்டாவின் ஒரு மரத்தோடு கலந்தார். அவர் தேடியது நோய் எதிர்ப்பை அல்ல. அந்த வழித்தோன்றல்களில் சில, பூஞ்சையால் வரும் சொறி நோயே அண்டாமல் நிற்பது 1940-களில் கண்ணில் பட்டது. பல தலைமுறை திருப்பிக் கலந்து, 1970-இல் பிரிமா என்ற ரகம் வெளிவந்தது. அதன் பிறகு உலகெங்கும் வெளியான சொறி தாங்கும் ரகங்களில் பெரும்பாலானவை அந்த ஒற்றை மரத்தின் ஒற்றை மரபணுவைச் சுமப்பவை. அதையும் உடைக்கும் பூஞ்சை வகை ஐரோப்பாவில் இருப்பது 1990-களில் பதிவானது. ஃபுளோரிபண்டா காட்டில் கிடைத்ததில்லை. ஜப்பானியத் தோட்டங்களிலிருந்து வந்தது. தனிச் சிற்றினமா, டோரிங்கோவும் பக்காட்டாவும் கலந்ததா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. வளர்ப்பாளர்கள் அந்த மரத்தை அதன் பதிவு எண்ணான 821-ஐ வைத்தே சொல்லிவருகிறார்கள்.